குளிர்காலம் வந்தால் மடக்கி வைக்கிற ரயில் பாலம்! | சுவிஸ் ஃபுர்கா நீராவி ரயில்

[திரையில்: பனி மூடிய பள்ளத்தாக்கு. தண்டவாளம் போய்ப் பாதியில் நிற்கிறது. பாலத்தைக் காணோம்.]

இந்த இடத்தில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. கோடையில் இதன் மேல் நீராவி ரயில் புகைவிட்டுக்கொண்டு போகும். இப்போது எங்கே? மடக்கி வைத்துவிட்டார்கள்!

வணக்கம். சுவிட்சர்லாந்தில் பாரம்பரிய ரயில் பார்க்கப் போகிறவர்கள் யுங்ஃபிராவ் மலை ரயில் டிக்கெட் விலையைப் பார்த்து மயங்கி விழுவதற்கு முன்னால், இந்த ஃபுர்கா மலை நீராவி ரயிலைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

வரலாறு ரெண்டே வரியில். 1926-இல் முழுப் பாதையும் திறந்தது. 1982-இல் மலைக்கு அடியில் 15.4 கிலோமீட்டர் சுரங்கம் வந்ததும் மேல் பாதை அம்போ. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வேடிக்கை. உலகப் புகழ்பெற்ற 'கிளேசியர் எக்ஸ்பிரஸ்' இந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது. பெயரே பனியாற்று ரயில். ரோன் பனியாறு தெரிகிற இடம் வந்தால் இப்போது அது சுரங்கத்துக்குள் நுழைந்துவிடுகிறது! காசு கொடுத்து ஏறியவர் ஜன்னலில் தன் முகத்தையே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, பாலத்துக்கு வருவோம். ரியால்ப் நிலையத்திலிருந்து ரயில் ஏறிப் போகும்போது ஷ்டெஃபென்பாக் என்று ஒரு ஓடை. முதலில் இங்கே கல்லில் பாலம் கட்டினார்கள். பனிச்சரிவு வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? இன்னும் பலமாகக் கட்டுவோம். அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். பனிச்சரிவு வருவது குளிர்காலத்தில். எப்படியும் குளிர்காலத்தில் இந்த மலைமேல் ரயில் ஓடாது. அப்படியானால் அந்த மாதங்களில் பாலம் எதற்கு அங்கே நிற்க வேண்டும்?

1925-இல் வந்தது இந்த இரும்புப் பாலம். நீளம் சுமார் 36 மீட்டர், மூன்று துண்டு. ரயில் சீசன் முடிந்ததும் ஆட்கள் வந்து, துண்டுகளைக் கழற்றி, கயிறு இழுக்கும் கைவிஞ்சைச் சுற்றிச் சுற்றி, மடக்குக் கட்டில் மாதிரி மடித்து இரு கரையோடும் ஒட்டி வைத்துவிடுவார்கள். பனிச்சரிவு வரும், நடுவில் மோதுவதற்கு ஒன்றும் இல்லாமல் தன் பாட்டுக்குப் போய்விடும். வெயில் வந்ததும் திரும்ப விரிப்பார்கள். நூறு வருஷமாக இதே கதை! இயற்கையோடு மல்லுக்கட்டாமல் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற இந்த புத்திக்கு நான் அடிமை. அந்தக் காலத்தில் மின்சார ரயில் ஓடியபோது இந்த மலைமேல் இருந்த மின்கம்பிகளையும் இப்படித்தான் வருஷா வருஷம் கழற்றி மாட்டினார்களாம். சம்பளம் யார் கொடுத்தார்களோ, பாவம்!

[திரையில்: என்ஜின் அடிப்பகுதி, பல்சக்கரம்.]

அடுத்து என்ஜின். ஊட்டி ரயில் ரசிகர்களே, கிட்ட வாங்க. இங்கே ஓடுகிற பழைய என்ஜின்களைக் கட்டியது விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை, 1913-14 வாக்கில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிய நம் எக்ஸ் வகை என்ஜின்களும் அதே தொழிற்சாலைப் பிள்ளைகள்தான்! ரெண்டு பாதையும் மீட்டர் கேஜ், ரெண்டிலும் நடுவே, என்ஜினின் பல்சக்கரம் கவ்வி ஏறுகிற ஆப்ட் முறைப் பல் தண்டவாளம், ரெண்டிலும் நான்கு சிலிண்டர். சமதளத்தில் இரண்டு சிலிண்டர் மட்டும் வேலை செய்யும். ஏற்றம் வந்ததும், அவை வெளியே தள்ளுகிற நீராவியை வீணாக்காமல் அடுத்த இரண்டுக்கு அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுற்றவைப்பார்கள். சரிவில் ஃபுர்கா நம்மை ஜெயித்துவிடுகிறது. கல்லாறு ஏற்றத்தில் 12 அடிக்கு ஒரு அடி ஏறுகிறோம் என்றால், இங்கே எட்டரை அடிக்கே ஒரு அடி. ஆனாலும் நம் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை புத்தம் புதிய எக்ஸ் என்ஜினையே கட்டி ஓடவிட்டது. அந்த விஷயத்தில் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

ஃபுர்கா என்ஜின்களில் சில வியட்நாம் போய் வந்தவை. மின்மயமானதும் வேண்டாம் என்று 1947-இல் விற்றுவிட்டார்கள். டா லாட் மலைப்பாதையில் உழைத்தன. அங்கே போர் வந்து பாதை நின்றது, என்ஜின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990-இல் சுவிஸ் தன்னார்வலர்கள் போய், அவற்றை லாரியில் மலையிறக்கிக் கப்பல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கைவிட்ட மேல் பாதையையும் துண்டு துண்டாக மீட்டார்கள்: 1992-இல் முதல் துண்டு, 2000-இல் கிளெட்ச் நிலையம் வரை, 2010-இல் ஓபர்வால்ட் நிலையம் வரை. மொத்தம் 18 கிலோமீட்டர் போல. கரி அள்ளுகிறவரும் தண்டவாளம் மாற்றுகிறவரும் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். இவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், நட்டு போல்ட் வரைக்கும் விளக்கி முடிக்காமல் விடமாட்டார்கள்.

போவதென்றால் கோடைதான், ஜூன் கடைசிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். எல்லா நாளும் ஓடாது, அட்டவணை பார்த்து முன்பதிவு செய்யுங்கள். உச்சியில் உயரம் 2,160 மீட்டர், ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம், கரித்தூள் அதற்குத்தான் காத்திருக்கும்.

குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் யாராவது இதைப் பார்க்கிறீர்களா? அந்த நான்கு சிலிண்டரைச் சமாளித்த கதையைக் கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவே அதுதான்.