எது சூடாகிறது, எது குளிர்கிறது?

வணக்கம். சூடாக்குதல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இதெல்லாம் ஒரு கேள்வியா என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, கணினிக்குப் புரியும்படி அதை ஒரு வரியில் எழுத உட்காரும் வரை.

ஒரு துறையில் என்னென்ன இருக்கின்றன, எது எதன் வகை, எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று கணினி படித்துத் தர்க்கம் செய்யும்படி எழுதி வைப்பதை ஆன்டாலஜி என்கிறோம். ஆற்றல் துறைக்கு இது ரொம்பவே தேவை. ஒருவர் தரவில் 'வெப்பம்' என்றால் கட்டடத்துக்குள் போய்ச் சேர்ந்த வெப்பம், இன்னொருவர் தரவில் அதற்காக எரித்த எரிபொருள். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கு என்னாவது?

சரி, முதலில் எல்லோரும் எழுதுவது: "ஒரு பொருளின் வெப்பநிலையை உயர்த்தும் செயல்முறை." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பனிக்கட்டி உள்ளே வரும் வரை. 0 டிகிரியில் உள்ள 1 கிலோ பனிக்கட்டி முழுதும் உருக சுமார் 334 கிலோஜூல் வேண்டும், அதே ஆற்றலை 0 டிகிரி தண்ணீருக்குக் கொடுத்தால் அது ஏறக்குறைய 80 டிகிரிக்குப் போய்விடும், ஆனால் பனிக்கட்டி உருகி முடியும் வரை தெர்மாமீட்டர் அசையவே அசையாது. பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம்தான்.

அப்புறம், "வெளியிலிருந்து வெப்பம் உள்ளே போவது" என்று மாற்றுவோம். இதை உடைக்க இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் செய்த சோதனை போதும். 1840களில் அவர் எடையைக் கீழே இறங்கவிட்டு, அதைக்கொண்டு தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழற்றினார். தண்ணீர் சூடானது, ஆனால் அடுப்பு எதுவும் இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பிலும் பாத்திரத்தின் அடிப்பகுதிக்குள்ளேயேதான் மின்சாரம் வெப்பமாகிறது.

போகட்டும், "அக ஆற்றல் கூடுவது" என்று போடலாமா? அக ஆற்றல் என்றால் வேதி ஆற்றலும் சேர்த்து ஒரு பொருளுக்குள் இருக்கும் மொத்த ஆற்றல். போட்டால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதும் சூடாக்குதல் ஆகிவிடும்! நான் கடைசியில் வந்து நின்றது, "ஒரு குறிப்பிட்ட பொருளின் வெப்ப ஆற்றலைக் கூட்டும் செயல்முறை" என்பதில். உள்ளுறை வெப்பமும் இதில் சேரும் என்று பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். குறைப்பது குளிர்வித்தல்.

இதில் 'குறிப்பிட்ட பொருள்' என்ற இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். சூடாக்குதலும் குளிர்வித்தலும் எதிரெதிரானவை, ஒரே செயல்முறை இரண்டாகவும் இருக்க முடியாது என்று எழுதத்தான் கை போகும். அப்படி எழுதிவிட்டு ஃப்ரிட்ஜை உள்ளே விடுங்கள். அது உள்ளறையைக் குளிர்விக்கிறது, பின்னால் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்பும் இதேதான், 1 பங்கு மின்சாரத்தில் 3 பங்கு வெப்பம் தருகிறது என்றால் மீதி 2 பங்கை வெளிக்காற்றிலிருந்து எடுத்து அதைக் குளிர்விக்கிறது. தர்க்கம் பார்க்கும் மென்பொருள் உடனே முரண்பாடு என்று கத்தும், அது கத்துவதும் நியாயம்தான். ஃப்ரிட்ஜின் ஓட்டத்தை ஒரு முழுச் செயல்முறையாக வைத்து, அதற்குள் குளிர்வித்தல் ஒரு பகுதி, சூடாக்குதல் இன்னொரு பகுதி, இரண்டுக்கும் பொருள் வேறு என்று எழுதினால் சண்டை ஓய்ந்துவிடும்.

நோக்கத்தை மட்டும் இந்த வரையறைக்குள் கொண்டுவராதீர்கள். கோப்பையில் காபி ஆறுவது யாரும் கேட்டு நடப்பதில்லை, ஏசி ஓடுவது கேட்டு நடப்பது. அந்த வித்தியாசத்தை ஏசி என்ற கருவியின் பயன் என்று தனியாக எழுதுவேன், செயல்முறையின் தலையில் ஏற்ற மாட்டேன்.