கல்லில் பூட்டிய காலம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"சீனத்து நினைவுத் தோரண வாயில்கள் குடும்ப அறத்தைப் போற்றினவா, பெண்ணின் வாழ்வைக் கல்லில் பூட்டினவா?" இதுதான் கேள்வி. கல்லில் பூட்டின என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நம்மை ஆன்ஹுய் மாகாணத்துத் தாங்யுவே கிராமத்துக்கு அழைத்துப் போனார். பாவ் குலத்தாரின் ஊர். ஊருக்குள் போகும் பாதையில் ஏழு கல்வாயில்கள். எந்தப் பக்கமிருந்து நடந்து வந்தாலும் விசுவாசம், பெற்றோர் பக்தி, கற்பு, ஈகை என்ற வரிசையிலேயே வரும் என்றார். கொள்ளையர் கையில் சிக்கிய தந்தையும் மகனும் "என்னைக் கொல், அவரை விடு", "என்னைக் கொல், அவனை விடு" என்று போட்டி போட்ட கதையைச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது, ஒளிக்க மாட்டேன். பஞ்சத்துக்குத் தானியமும் ஆற்றங்கரையைப் பலப்படுத்தப் பணமும் கொடுத்த உப்பு வணிகர் குடும்பத்துக்கு 1820இல் எழுப்பிய வாயிலையும் காட்டினார். அதையும் வணங்குகிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்த ஏழில் ஐந்து ஆண்களுக்கு, இரண்டு பெண்களுக்கு. ஆண் எதற்காக வாயில் பெற்றான்? எதையோ செய்ததற்காக. கொடுத்தான், காத்தான், உயிரைப் பணயம் வைத்தான். பெண் எதற்காகப் பெற்றாள்? மறுமணம் செய்யாமல் இருந்ததற்காக! இங்கேதான் தராசு சாய்கிறது.

1368இல் மிங் பேரரசர் ஹோங்வூ ஆணையிட்டார்: முப்பது வயதுக்குள் கணவனை இழந்து, ஐம்பது தாண்டும்வரை மறுமணம் செய்யாத பெண்ணுக்கு அரசு மரியாதை. சரி, மரியாதையோடு நின்றதா? அவள் குடும்பத்துக்குக் கட்டாய அரசாங்க ஊழியத்திலிருந்து விலக்கும் கிடைத்தது. மிங்குக்குப் பின் வந்த சிங் அரசு வாயில் கட்ட முப்பது தேல் (தேல் என்பது பழைய சீன எடை அளவு) வெள்ளி கொடுத்தது. இன்னொரு பக்கம், மறுமணம் செய்தால் கணவன் சொத்தோடு அவள் கொண்டுவந்த சீர்ப்பொருளும் புகுந்த வீட்டுக்கே போகும் என்று சட்டம். தவம் இருந்தவள் ஒருத்தி, பலன் வாங்கியது யார்?

தாங்யுவே இருக்கும் ஹுய்ச்சோ வட்டாரத்தில் ஏன் இத்தனை விதவைகள் என்று கேளுங்கள். மலையும் பாறையுமான ஊர், விளைநிலம் குறைவு. "முற்பிறப்பில் புண்ணியம் செய்யாதவன் ஹுய்ச்சோவில் பிறந்தான், பதின்மூன்று பதினாலு வயதில் வெளியே எறியப்பட்டான்" என்பது அந்த மண்ணின் சொல்வழக்கு. பையன்கள் வியாபாரத்துக்குப் போனார்கள். பலர் திரும்பவே இல்லை. போனவர்களின் வீட்டையும் வயதானவர்களையும் குழந்தைகளையும் தாங்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மருமகள்.

1767ஆம் ஆண்டு வாயிலின் கீழே வந்து நில்லுங்கள். பாவ் வென்யுவானின் இரண்டாம் மனைவி, வூ வீட்டுப் பெண். அவள் பெயர்? கல்லில் அவ்வளவுதான். இருபத்தொன்பது வயதில் விதவையானவள், மூத்தாளின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தாள். மேலே "கற்பு" என்ற எழுத்தை அங்கே வழிகாட்டிகள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். எழுத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, சற்று விலகியிருக்கும். இரண்டாம் தாரம் முதல் தாரத்துக்குச் சமமில்லை என்பதற்காகவே அப்படிச் செதுக்கினார்கள் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். வாழ்நாளையே கொடுத்தவளுக்குக் கொடுத்த புகழில்கூட ஒரு விரிசலா, நடுவர் அவர்களே?

பாவ் குலத்தில் பெண்களுக்கென்றே தனி மூதாதையர் கூடம் இருக்கிறதே என்று எதிரணி சொல்லும். இருக்கிறது, சீனத்தில் அது அபூர்வம், பாராட்டுகிறேன். அபூர்வம் என்ற அந்தச் சொல்லே மற்ற ஊர்களின் கதையைச் சொல்லிவிடுகிறது.

சீனத்தில் சொல்லப்பட்டுவரும் ஒரு கதை எனக்குத் தூக்கம் கெடுத்தது. இளம் வயதில் விதவையான ஒருத்தி சாகும் தறுவாயில் நூறு செப்புக் காசுகளை எடுத்துக் காட்டுகிறாள். எழுத்தெல்லாம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. ஒவ்வோர் இரவும் விளக்கை அணைத்துவிட்டு அந்த நூறையும் தரையில் வீசி எறிவாளாம். பிறகு இருட்டில் குனிந்து, தடவித் தடவி ஒவ்வொன்றாகப் பொறுக்குவாளாம். நூறும் கைக்கு வந்து சேரும்போது உடம்பு சோர்ந்து தூக்கம் வந்துவிடும். அரசாங்கம் எண்ணியது ஐம்பது வயதுவரையான ஆண்டுகளை. அவள் எண்ணியது காசுகளை.

ஹுய்ச்சோ வட்டாரத்தின் கடைசி வாயில் 1905இல் ஷேசியன் என்ற ஊரில் எழுந்தது. கல்லால்கூட அல்ல, செங்கல்லால். ஹுய்ச்சோ முழுவதிலும் இப்படி வாழ்ந்தும் மாண்டும் போன பெண்களுக்கு மொத்தமாக ஒரே வாயில். அதில் பொறித்திருக்கும் எண் 65,078.

அந்த எண்ணுக்குள் இருப்பவர்களின் சார்பில் பேசினேன். நன்றி, வணக்கம்.