ரெண்டு நாளா வெளிச்சத்தைத் தின்னது எது தெரியுமா?

வணக்கம் மக்களே. பாளையங்கோட்டை வீட்டு மாடியில இருந்து பேசுதேன், காத்துச் சத்தம் கேட்டா பொறுத்துக்கிடுங்க. கோவத்தையும் சந்தோஷத்தையும் கொட்டிட்டுத்தான் கீழ சாப்பிடப் போவேன்.

போன வீடியோவுல டானிக் வாட்டர்ங்கித கசப்பு சோடாவுல ஊதா டார்ச் அடிச்சுக் காட்டினேன்லா? அந்த நீலம் குயினைன், மலேரியா மருந்து. 350 நானோமீட்டர் வெளிச்சத்தை வாங்கி 450-ல நீலமா திருப்பித் தரும். நீலம் எவ்வளவோ, மருந்து அவ்வளவு. மில்லிக்கு ஒரு மைக்ரோகிராமுக்குக் கீழ இருந்தாலும் பிடிச்சிரலாம்.

புதன்கிழமை குயினைன் மாத்திரையை ஆசிட்ல கரைச்சு, இந்த ஒளிர்வை அளக்குத கருவியில ஓட்டுதேன். ரீடிங் 800 வரணும், வந்தது 70! இருபது மாத்திரையை மறுபடி பொடிச்சேன். அப்பவும் 70. கரைசல் ஊத்தி கருவிக்குள்ள வைக்குத சின்னக் குழாய் இருக்குல்லா, குவெட்டு, அதைத்தான் சந்தேகப்பட்டேன். சாதா குவெட்டுல ரெண்டு பக்கம் மங்கலா இருக்கும். நமக்கு வெளிச்சம் ஒரு பக்கம் போயி 90 டிகிரி தள்ளி வரும், அதனால நாலு பக்கமும் தெளிவான குவார்ட்ஸ் வேணும். நாலாயிரத்துச் சொச்சம் மக்களே, ஒத்தை விரல் தண்டி! கைக்குட்டையில சுத்தி டிபன் டப்பாவுல வச்சுக் கொண்டு போறேன். அதுல கீறல் விழுந்துட்டோன்னு ராத்திரி தூக்கமே இல்ல.

நேத்துதான் லேப் அண்ணாச்சி சொன்னாவ: "நீ ஊத்துன ஆசிட் ஹைட்ரோகுளோரிக்லா பிள்ளே, பி.ஃபார்ம் பிள்ளையளுக்கு மாத்திரை கரையுத டெஸ்ட்டுக்கு வச்சது." பாட்டில்ல "0.1 N ஆசிட்"னு மட்டும் எழுதிருக்கு! எந்த ஆசிட்னு எழுதாத லேபிளை நான் மன்னிக்கவே மாட்டேன். ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டேன், திரிஞ்ச பால் கணக்கா வெள்ளையா இறங்கிச்சு. குளோரைடு! குயினைன் வெளிச்சத்தைக் கக்குததுக்கு முன்னாடியே குளோரைடு முட்டி அணைச்சிரும். சல்ஃப்யூரிக் அமிலத்துல கரைச்சேன், 800 தாண்டிட்டு.

இங்கன பாருங்க, அதே டானிக் வாட்டர். டார்ச் அடிக்கேன்... நீலம். இப்ப சோத்து உப்பு, நல்லா ஒரு சிட்டிகை. கலக்குதேன்... போச்சு பாத்தீயளா! ஆச்சி இதை மூணு வாட்டி போடச் சொல்லிப் பாத்தாவ.

இதுல பெரிய விசயம் இனிமேதான். நோயாளி ரத்தத்துல இந்த மருந்தை அளக்கணும்னா? ரத்த பிளாஸ்மாவுலயே லிட்டருக்கு 100 மில்லிமோல் கிட்ட குளோரைடு உண்டு. புரதத்தை மெத்தனால் விட்டுப் படிய வச்சு, சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி, மேல நிக்கித தெளிவை எடுத்தாலும் உப்பு கூடவே வந்திரும். வெறும் அமிலத்துல போட்ட ஸ்டாண்டர்டோட, அதாவது அளவு தெரிஞ்ச மருந்துக் கரைசலோட, ஒப்பிட்டா மருந்து கம்மின்னு காட்டும். டாக்டர் அதை நம்பி டோஸைக் கூட்டிட்டா? குயினைன் கூடுனா காது இரையும், இதயத்துடிப்பே தடுமாறும். அதனால ஸ்டாண்டர்டையும் மருந்து கலக்காத பிளாஸ்மாவுலயே போடணும். இல்லன்னா காரமாக்கி, கரிம கரைப்பான்ல மருந்தை மட்டும் இழுத்துட்டு மறுபடி சல்ஃப்யூரிக்குக்குக் கொண்டு வரணும். உப்பு தண்ணியிலயே நின்னுக்கிடும். எனக்கு இந்த ரெண்டாவது வழிதான் பிடிக்கும்.

இதெல்லாம் பழைய கருவின்னு கமெண்ட்ல எழுதுதீயல்லா? ரெண்டாம் உலகப்போர்ல, குயினைன் மரம் வளந்த ஜாவா ஜப்பான் கைக்குப் போயி குயினைன் கிடைக்கல. அப்ப அதுக்குப் பதிலா குடுத்த அடெப்ரின்ங்கித மலேரியா மருந்தை பிளாஸ்மாவுல ஒளிர வச்சு அளந்தாவ, பிராடி, யூடன்ஃபிரெண்டுன்னு ரெண்டு விஞ்ஞானிய, 1943-ல. அந்த அளவுகளை வச்சுத்தான் முதல்ல அதிக டோஸ், பொறவு கொஞ்சமா குடுக்கித முறை வந்துச்சு.

அட, மாத்திரை முடிவைச் சொல்லவே இல்ல பாருங்க! லேபிள்ல 300 மில்லிகிராம், எனக்குக் கிடைச்சது 298. குவெட்டுல கீறலும் இல்ல. திங்கக்கிழமை பிளாஸ்மா ஓட்டுதேன், வாரேன்.