கேப்டன் ஹார்லாக்: ரசிகர்கள் எதில் முட்டிக்கொள்கிறார்கள்?

வணக்கம். விண்வெளிக் கொள்ளையர் பற்றிய அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், என்று பேச்செடுத்தாலே பழைய ரசிகர்கள் முதலில் சொல்லும் பெயர் கேப்டன் ஹார்லாக். லெய்ஜி மாட்சுமோட்டோவின் மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதையை) வைத்து டோயி அனிமேஷன் தயாரித்து, ரின்தாரோ இயக்கிய தொடர். 1978 மார்ச்சில் ஜப்பானிய டிவியில் தொடங்கி 1979 பிப்ரவரியில் முடிந்தது. மொத்தம் 42 எபிசோடுகள்.

ஹார்லாக்கைப் பிடிக்காதவர்கள் குறைவு. ஆனால் தொடரைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

முதலில் கதை. வருடம் 2977. பூமியில் சொகுசுக்குக் குறைவில்லை, யாருக்கும் எதிலும் அக்கறையும் இல்லை. டோக்கியோவில் ஒரு பிரமாண்ட கறுப்புக் கோளம் வந்து விழுகிறது. மாஸோன் என்ற இனம் படையெடுத்து வரப்போகிறது என்பதற்கான அறிகுறி அது. பேராசிரியர் தைபா எச்சரிக்கிறார், அரசாங்கத்தில் கேட்பார் இல்லை. பிரதமருக்குக் கோல்ஃப் ஆடவே நேரம் போதவில்லை. கடைசியில் பேராசிரியரை மாஸோன்கள் கொன்றுவிடுகிறார்கள். அவருடைய மகன் ததாஷி, அரசாங்கம் குற்றவாளி என்று தேடும் ஹார்லாக்கின் கப்பலில் போய்ச் சேர்கிறான்.

[திரையில்: ஆர்கேடியா கப்பல் பக்கவாட்டில் மெல்ல நகர்கிறது]

இந்தக் கப்பலைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். முன்பக்கம் கூர்மையான நீல நிறப் போர்க்கப்பல். பின்பக்கம் பார்த்தால் பழைய பாய்மரக் கப்பலின் மரத்தாலான பின்தளம், அதற்கு மேலே மண்டையோட்டுக் கொடி. விண்வெளியில் காற்று ஏது, கொடி எப்படிப் பறக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கொடி பறக்காவிட்டால் இந்தத் தொடரே இல்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். அதிகம் காதில் விழுவது, கதை நகரவே மாட்டேன் என்கிறது என்பது. நடுவில் பல எபிசோடுகளில் எதிரி ஒரு சூழ்ச்சி செய்கிறாள், ஆர்கேடியா தப்பிக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு புகார் மாயு பற்றியது. ஹார்லாக்கின் இறந்துபோன நண்பன் தோசிரோவின் மகள். பூமியில் ஓர் அனாதை இல்லத்தில் வளர்கிறாள். மங்காவில் இவள் கிடையாது, டிவிக்காகச் சேர்த்த பாத்திரம். இந்தக் குழந்தையைப் பகடையாக்கி ஹார்லாக்குக்கு வலை விரிப்பது திரும்பத் திரும்ப வருகிறது. எரிச்சல் வருவது நியாயம்தான், அதில் நானும் அவர்கள் கட்சி.

ஆனால் மெதுவான தொடர் என்ற குறையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கப்பலுக்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். துணைக் கேப்டன் யத்தரான் பிளாஸ்டிக் மாடல் ஒட்டிக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டால் வேலையாக இருக்கிறேன் என்கிறான். சமையற்கார அம்மா மாசு கத்தியோடு பூனையைத் துரத்துகிறார். டாக்டர் ஜீரோ கையில் மதுக் கிண்ணம். ததாஷிக்கு இதையெல்லாம் பார்த்து ஆத்திரமாக வருகிறது. அப்புறம் போர் மணி அடிக்கிறது. அதே ஆட்கள் நொடியில் தங்கள் இடத்தில் நிற்கிறார்கள்.

யாரும் அவர்களை விரட்டுவதில்லை. ஹார்லாக்கின் கப்பலில் விருப்பப்பட்டு வந்தவனுக்குத்தான் இடம். பூமியில் இருப்பவர்களும் சோம்பேறிகள், கப்பலில் இருப்பவர்களும் சோம்பேறிகள் போலத்தான் தெரியும். யார் எழுந்து நிற்பார்கள் என்பதில்தான் வித்தியாசம். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தைக் காட்டாமல், எழுந்து நிற்பதைக் காட்டி என்ன பயன்?

[திரையில்: மையக் கணினி அறை]

இன்னொரு காட்சி. ஹார்லாக் தனியாக ஓர் அறைக்குப் போய்க் கணினியிடம் பேசுகிறான். ஆர்கேடியாவை உருவாக்கிய தோசிரோவின் ஆன்மா அந்தக் கணினிக்குள்தான் இருக்கிறது. பதில் வார்த்தையாக வராது. விளக்குகள் மினுங்கும், இயந்திரம் முனகும். அவசரமாக ஓடும் தொடரில் இப்படி ஒரு காட்சிக்கு இடம் கிடைத்திருக்காது.

எதிரிகளைப் பற்றியும் இரண்டு கட்சி. மாஸோன்கள் பெண் உருவில் இருக்கும் தாவர இனம். சுட்டால் காகிதம் போலப் பற்றி எரிகிறார்கள். பெண் என்றால் மாயக்காரி என்ற பழைய பார்வை இதில் இருக்கிறது என்று சொல்பவர்களை மறுக்க முடியாது. அதே சமயம் போகப் போக ராணி ரஃப்லேஷியாவின் பாரம் நமக்குத் தெரிகிறது. அவள் படைக்குப் பின்னால் வீடில்லாத ஒரு இனமே வந்துகொண்டிருக்கிறது. தொடரின் சிறந்த பகுதி இதுதான் என்பேன்.

முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கே கொஞ்சம் தள்ளிப் போங்கள். ஹார்லாக்கும் ரஃப்லேஷியாவும் வாளோடு நேருக்கு நேர் மோதுகிறார்கள். ஹார்லாக் ஜெயிக்கிறான், ஆனால் அவளைப் போகவிடுகிறான். தன் ஆட்களைப் பூமியில் இறக்கிவிட்டு கப்பலில் இருக்கும் வேற்றுக்கிரகப் பெண் மீமேயுடன் புறப்பட்டுவிடுகிறான். இத்தனை எபிசோடு பார்த்தது இதற்கா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மங்கா முடிவே இல்லாமல் நின்றுபோனது என்பதையும் அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

இத்தாலியில் 1979-லும், பிரான்சில் ஆல்பாடோர் என்ற பெயரில் 1980-லும் வந்தபோது அங்கே ஒரு தலைமுறையே இதைப் பார்த்து வளர்ந்தது. 2013-ல் கணினி வரைகலையில் படமும் வந்தது. பார்க்க அழகு, மனசில் ஒட்டவில்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் 1978 தொடரிலிருந்தே தொடங்குங்கள். ஹார்லாக் ஒரு கண்ணை இழந்த கதை 1982 திரைப்படத்தில் வருகிறது. அதைப் பிறகு தனியாகப் பாருங்கள். அதில் ஆர்கேடியா பச்சை நிறத்தில் இருக்கும், முன்கதையும் தொடரோடு பொருந்தாது. மாட்சுமோட்டோ தன் கதைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கக் கவலைப்பட்டவரே இல்லை. நீங்களும் அந்தக் கணக்கைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.