காகிதம் வெளியே வராத வரை

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவையோருக்கும் என் வணக்கம். முற்போக்கு அரசியல் இயக்கங்களை வழிநடத்துவோருக்குப் பெரிதும் துணை நிற்பது பெற்ற கல்வியும் பதவியுமா, பட்ட பாடா என்பது இன்றைய தலைப்பு. பட்ட பாடே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அருணா ராயைச் சான்றாக நிறுத்தினார். 1946-இல் சென்னையில் பிறந்து, தில்லியில் படித்து, 1968-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர் அவர் என்றும், அவரும் தோழர்களும் ராஜஸ்தானில் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் இயக்கம் எழுப்பிய கோரிக்கையே 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக நாடு முழுவதற்கும் வந்தது என்றும், அரசு அலுவலகத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர் தலைமை ஏற்றதால்தான் அந்த இயக்கம் வென்றது என்றும் சொன்னார். அவர் தந்த தகவல்களில் பிழை இல்லை. அவற்றிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவைத்தான் மறுக்கிறேன். மறுப்பதற்கும் அதே இயக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

கோப்புகளைப் பற்றிய அறிவே அந்தக் கோரிக்கையைப் பெற்றெடுத்தது என்றால், 1970-களின் நடுவில் பதவியை விட்டு விலகிய அன்றே அருணா ராய் அதை எழுப்பியிருக்க வேண்டும். அவர் எழுப்பவில்லை. அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியாவில் பல ஆண்டுகள் கிராமத்துப் பெண்களோடு வேலை செய்தார். 1987-இல் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோருடன் தேவ்டூங்கிரி என்ற சிற்றூருக்குப் போய் ஒரு மண்வீட்டில் குடியேறினார். 1990 மே முதல் நாளில்தான் இயக்கம் முறையாகத் தொடங்கியது. அதுவரை அவர்கள் கையில் இருந்த சிக்கல்கள் நிலமும் கூலியுமே. தகவல் என்ற சொல் அப்போது எந்த முழக்கத்திலும் இல்லை.

அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்த வழக்கே இருக்கிறது, நடுவர் அவர்களே. வறட்சிக்காலத்தில் அரசு திறக்கும் வேலைத்தளங்களில் மண் வெட்டியவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீங்கள் வெட்டிய அளவு குறைவு, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்ற பதில் வந்தது. இந்தப் பதிலை நான் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன். என் அம்மா நூறு நாள் வேலையில் ஏரிக்குத் தூர் வாரப் போனவர். மாலையில் நாடாவைப் பிடித்து அளந்துவிட்டு "அளவு வரலையே" என்று சொல்லிப் போவார்கள். இடுப்பு ஒடிய வெட்டிய அவருக்கு அந்தக் குழியின் ஆழம் முழங்காலுக்கு மேல் எத்தனை விரற்கடை என்பது வரை தெரியும். ஆனால் எழுதுகிற நோட்டு அவர் கையில் இல்லை. ராஜஸ்தானில் அந்த நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, அது அலுவலக ரகசியம் என்றார்கள். அந்த இயக்கத்தில் இருந்த மோகன்ஜி என்ற தலித் உழைப்பாளி, பாட்டுக் கட்டிப் பாடுபவர், அப்போது சொன்னதை அருணா ராயே பல மேடைகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்: அந்தக் காகிதங்கள் வெளியே வராத வரை நாம் பொய்யர்களாகவேதான் இருப்போம்.

தகவல் அறியும் உரிமை என்ற முழுக் கருத்தும் அந்த ஒரு பேச்சில் அடங்கியிருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டத்தின் நிழலிலேயே நம் அரசு நிர்வாகம் நடந்து பழகியது. உள்ளே அமர்ந்தவருக்குக் கோப்பு மூடியிருப்பது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதுபோல இயல்பான ஒன்று. தாழ்ப்பாளுக்கு வெளியே, கூலி குறைந்து நிற்பவருக்குத்தான் அது தன் சோற்றில் விழுந்த பூட்டு என்று தெரிகிறது. அருணா ராயின் பெருமை, மோகன்ஜி சொன்னதைக் காதில் வாங்கி, அதைத் தன் இயக்கத்தின் மையமாக ஏற்றுக்கொண்டதில் இருக்கிறது. பதவி அவருக்குக் கொடுத்ததை அவர் அந்த மண்வீட்டின் தரையில் உட்கார்ந்துதான் மறந்து, புதிதாகக் கற்றுக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன்.

காகிதம் கைக்கு வந்த பிறகு அதைப் படிக்கப் படித்தவர் வேண்டாமா என்று எதிரணி கேட்கும். 1994 டிசம்பர் 2 அன்று, பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்ற ஊரில், ஜன் சுன்வாய் எனப்படும் மக்கள் விசாரணையை இயக்கம் முதன்முதலாக நடத்தியது. அத்தகைய விசாரணையில் என்ன நடக்கும் என்று சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியலை ஒருவர் உரக்கப் படிப்பார். இன்னார், இத்தனை நாள், இவ்வளவு கூலி, கைநாட்டு உண்டு. அதே பட்டியல் தணிக்கை அதிகாரியின் மேசைக்குப் போனால் கூட்டுத்தொகை சரியாக வரும், எல்லாக் கட்டத்திலும் கைநாட்டு இருக்கும், அவரும் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார். கூட்டத்தில் படிக்கும்போதோ ஒருவர் எழுந்து, அந்தப் பெயருக்குரியவர் செத்துப் பல காலம் ஆயிற்றே என்பார். இன்னொருவர், அவர் பிழைப்புக்காகப் பட்டணம் போனவர், அந்த மாதம் ஊரிலேயே இல்லை என்பார். வேறொருவர், அது என் பெயர்தான், ஆனால் அந்த வேலைத்தளத்தை நான் மிதித்ததே இல்லை என்பார். ஊரில் யார் இருக்கிறார், யார் இறந்தார், எந்தச் சுவர் கட்டப்பட்டது, எது காகிதத்தில் மட்டும் நிற்கிறது என்று அறிந்தவர்களே அங்கே தணிக்கையாளர்கள். அவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. அந்த அறிவு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.

1995 ஏப்ரலில் மாநில முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், ஆவணங்களின் நகல்களை மக்கள் பெறலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கழிந்தும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் உழைப்பாளர்கள் தர்ணாவில் அமர்ந்தார்கள். 40 நாள் எழவில்லை. அந்தக் காலத்தில், நான்காம் வகுப்பு மட்டும் படித்த சுசீலா என்ற பெண்ணிடம், உங்களுக்கு எதற்குத் தகவல் உரிமை என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லி அரசு கோடி கோடியாகச் செலவழிக்கிறது, அதற்கு நான் கணக்குக் கேட்கக் கூடாதா என்று அவர் திருப்பிக் கேட்டார். சட்ட நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் ஒரு கோட்பாட்டை அந்தத் தாய் கடைக்கணக்கில் சொல்லி முடித்தார்.

எதிரணிக்கு ஒன்றை மனமார ஒப்புக்கொள்கிறேன். சட்ட வரைவை எழுத வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற நீதிபதிகளும் தேவைப்பட்டார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் இல்லாமல் தில்லியில் அந்த வரைவு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போயிருக்காது. அவர்கள் ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் ஓர் இயக்கத்தைக் கட்டியவர்கள் தம் கல்வியை எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதையும் பாருங்கள். நிகில் தே அமெரிக்காவில் படிக்கப் போய்த் திரும்பியவர். சங்கர் சிங் அந்த வட்டாரத்துக் கிராமத்திலேயே பிறந்து, பிழைப்புக்குப் பல வேலைகள் செய்து, பொம்மலாட்டத்தால் ஊரையே தன் முன் உட்கார வைப்பவர். முழுநேர ஊழியர்கள் எல்லாரும் மண் வெட்டுபவரின் குறைந்தபட்சக் கூலிக்கு இணையான தொகையையே வாங்கிக்கொள்வது என்று அந்த இயக்கத்தில் முடிவாயிற்று. பட்டத்துக்கு ஒரு காசு கூடுதல் இல்லை. தலைமைக்குத் தகுதி எதிலிருந்து வருகிறது என்று அவர்களே கொடுத்த தீர்ப்பாகவே இதைக் கொள்கிறேன்.

நம் மாநிலத்தையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். இந்தியாவில் முதன்முதலில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு, 1997-இல். அறிவிற் சிறந்த அதிகாரிகள் நம்மிடம் இருந்தார்கள், சட்டமும் வந்தது. விதிவிலக்குகள் மிகுந்திருந்த அந்தச் சட்டம் வந்ததை நம் ஊர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? கீழிருந்து கேட்டவர் இல்லாத இடத்தில், முதலில் வந்த சட்டமும் பெட்டிக்குள் கிடந்தது.

நிறைவாக ஒருவரை உங்கள் முன் கொண்டுவருகிறேன். நௌர்தி பாய், அஜ்மீர் மாவட்டத்து ஹர்மாரா கிராமத்துத் தலித் பெண். 1980-களின் தொடக்கத்தில் வறட்சி நிவாரணச் சாலை வேலையில் கூலி குறைத்துக் கொடுத்தபோது, கைநீட்டி வாங்க மறுத்துப் பெண்களைத் திரட்டியவர். அருணா ராய் அன்று திலோனியாவில் இருந்தார். அந்தப் போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய், நிவாரண வேலையானாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுப்பது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று 1983-இல் தீர்ப்பானது. அதன்பின் எழுதப் படிக்கக் கற்று, கணினியும் கற்று, 2010-இல் நௌர்தி பாய் தன் ஊராட்சிக்குத் தலைவரானார்.

2014 டிசம்பரில் ராஜஸ்தான் அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், பழங்குடிப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்பு வேண்டும் என்றது. எதிரணி நண்பர்கள் இன்று நல்லெண்ணத்தோடு சொல்லும் அதே வாதம் அங்கே சட்டமாயிற்று. நௌர்தி பாயிடம் பள்ளிச் சான்றிதழ் இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு போராட்டத்தின் முன்னணியில் நின்றவர், ஐந்தாண்டுகள் தலைவராக இருந்தவர், அடுத்த தேர்தலில் வேட்பாளராக நிற்கவே முடியவில்லை. 2019-இல் அந்த நிபந்தனையை மாநிலமே நீக்கியது.

வணக்கம்.