கட்டடம் பிறகு, முதலில் ஒரு நல்ல கோச்சைப் பிடியுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் இருந்து கதைக்கிறேன். பின்னால் தெரிகிற சீமெந்துத் தளத்தில்தான் நாங்கள் பின்னேரங்களில் கூடைப்பந்து விளையாடுகிறோம். கோடு அழிந்துவிட்டது, ஒரு பக்கத்து வளையத்தில் வலை இல்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் கதைக்கலாம். இன்றைய விஷயம் பயிற்றுவிப்பாளர். விழுந்து கிடக்கிற ஒரு கல்லூரி அணியை, அதே வேலையை வேறு இடத்தில் ஏற்கெனவே செய்து காட்டிய ஒரு கோச் வந்து எப்படி எழுப்புகிறார் என்று பார்ப்போம். உதாரணங்கள் அமெரிக்காவில் இருந்து வரும். ஆனால் நான் மனதில் வைத்துக் கதைப்பது வன்னிப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து இதைப் பார்க்கிற அண்ணாமார், அக்காமார், தயவு செய்து கடைசி வரை பாருங்கள்.

நியூயோர்க்கில் குயீன்ஸ் என்ற பகுதியில் சென் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சென் ஜோன்ஸ் இல்லை, இது 1870 இல் தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். லூ கார்னசெக்கா என்ற கோச்சின் காலத்தில், 1985 இல், அவர்கள் தேசிய அரையிறுதி வரை போனார்கள். அப்புறம் மெல்ல மெல்ல இறக்கம். அமெரிக்காவில் ஒவ்வொரு மார்ச் மாதமும் 68 அணிகள் மோதுகிற தேசியச் சுற்றுப்போட்டி நடக்கும். கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு அணியின் மதிப்பை அதை வைத்துத்தான் அளப்பார்கள். அதில் சென் ஜோன்ஸ் 2000 ஆம் ஆண்டில் ஒரு வெற்றி எடுத்தது. அடுத்த வெற்றிக்கு 25 வருடம் காத்திருந்தது.

அந்த இடைக்காலத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2015 இல் கிறிஸ் முலினைக் கோச்சாகப் போட்டார்கள். 1985 அணியின் நாயகன் அவர்தான். ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர், என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் பெயர் எடுத்தவர், ஊர்ப் பிள்ளை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அதற்கு முதல் அவர் எந்த அணிக்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. முதல் பருவத்தில் 8 வெற்றி, 24 தோல்வி. நான்கு வருடத்தையும் கூட்டினால் 59 வெற்றி, 73 தோல்வி. ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். அவர்களுடைய பெரிய நட்சத்திரம் பற்றிக் யூவிங்கை 2017 இல் கொண்டுவந்தார்கள். 2021 இல் தங்கள் லீக்கின் கோப்பையை எடுத்தார், அதை மறைக்கக்கூடாது. அடுத்த பருவத்திலேயே லீக் ஆட்டங்களில் 19 தோல்வி, ஒரு வெற்றி கூட இல்லை.

முலினும் யூவிங்கும் எனக்கு மிகவும் பிடித்த வீரர்கள். ஆனால் விளையாடத் தெரிவது ஒரு வேலை, விளையாட வைப்பது வேறு வேலை. பந்து கைக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று முலினுடைய உடம்புக்கே தெரியும். பதினெட்டு வயதுப் பெடியனுக்கு அது தெரியாது. அவனுக்கு அதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

சரி, 2023 மார்ச்சில் சென் ஜோன்ஸ் ரிக் பிட்டினோவை எடுத்தது. அவருக்கு அப்போது வயது 70. எங்கள் ஊரில் என்றால் பென்சன் எடுத்துப் பத்து வருடம் ஆகியிருக்கும். ஆனால் அவருடைய பழைய கணக்கைப் பாருங்கள். 1985 இல் புரொவிடன்ஸ் கல்லூரிக்குப் போகிறார், முந்தைய பருவத்தில் அது 20 ஆட்டம் தோற்ற அணி. 1987 இல் அதே புரொவிடன்ஸ் தேசிய அரையிறுதியில் நிற்கிறது. 1989 இல் கென்டக்கிக்குப் போகிறார். விதிமீறலுக்காகத் தண்டனை வாங்கி, நல்ல வீரர்கள் விட்டுப் போய், தேசியச் சுற்றுப்போட்டியிலும் விளையாடத் தடை இருந்த நேரம். முதல் பருவம் 14 வெற்றி, 14 தோல்வி. 1996 இல் கென்டக்கி தேசியச் சம்பியன். அதாவது இவர் சென் ஜோன்ஸுக்கு வரும்போது, இடிந்த வீட்டைக் கட்டி எழுப்பிப் பழகிய மேசன் போல வந்தார்.

புரொவிடன்ஸ் கதையில் பில்லி டொனவன் என்ற பெடியன் வருகிறான். முதல் இரண்டு வருடமும் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு மூன்று புள்ளிதான் எடுத்தான். வேறு கல்லூரிக்குப் போகலாமா என்ற யோசனையிலும் இருந்தான். பிட்டினோ வந்து முதலில் எடையைக் குறைக்கச் சொன்னார். பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார். அணியாகச் சேர்ந்து ஓடுவது போதாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்பது அவருடைய முறை. 1986-87 பருவத்தில்தான் அமெரிக்கக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் மூன்று புள்ளிக் கோடு வந்தது, அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி. மற்றக் கோச்சுகள் பலர் அது என்ன புதுப் பழக்கம் என்று ஒதுங்கி நிற்க, பிட்டினோ தன் பெடியன்களைக் கோட்டுக்கு வெளியே நின்று எறிய விட்டார். டொனவன் கடைசி வருடத்தில் ஆட்டத்துக்கு 20 புள்ளிக்கு மேல் எடுத்தான். பின்னர் அவரே கோச்சாகி புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு 2006, 2007 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஒரு கோச் ஒரு பிள்ளையை நம்பி வேலை செய்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருக்கும்.

சென் ஜோன்ஸில் என்ன நடந்தது? முதல் பருவம் 20 வெற்றி, 13 தோல்வி, தேசியச் சுற்றுப்போட்டிக்கு இடம் கிடைக்கவில்லை. 2024 பெப்ரவரியில் ஒரு ஆட்டம் தோற்றதும் பிட்டினோ பத்திரிகையாளர் முன்னாலேயே தன் வீரர்களைக் குறைசொன்னார். அது பிழை. பிறகு அவரே வருத்தம் தெரிவித்தார். அதன் பின் அந்த அணி தொடர்ந்து ஆறு ஆட்டம் வென்றது. அடுத்த பருவம், 2024-25 இல், 31 வெற்றி, 5 தோல்வி. மடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கம் நிறைந்து வழிய, பிக் ஈஸ்ட் லீக்கின் சம்பியன் ஆனார்கள். அங்கே குளிர்காலத்து இரவு ஏழு மணி என்றால் எங்களுக்கு விடியக்காலை ஐந்தரை. தேத்தண்ணியும் கையுமாகப் போனில் பார்த்த ஆட்டங்கள் அவை. மார்ச்சில் தேசியச் சுற்றுப்போட்டியில் அந்த 25 வருடக் காத்திருப்பும் முடிந்தது. ஆனால் இரண்டாவது சுற்றில் ஆர்கன்ஸாவிடம் 75-66 என்று தோற்றார்கள். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கோச் வந்தால் எல்லாம் வெற்றிதான் என்று நான் சொல்ல வரவில்லை.

பிட்டினோவின் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கணக்கு. எதிரணியின் பந்தில் எங்கள் ஆள் கை எத்தனை தரம் பட்டது என்று எண்ணுவார்கள். பறிக்க வேண்டும் என்றில்லை, விரல் நுனி பட்டாலே போதும். ஒரு ஆட்டத்துக்கு 35 என்பது அவருடைய இலக்கு. யோசித்துப் பாருங்கள், உயரமில்லாத பிள்ளையும் புள்ளி எடுக்காத பிள்ளையும் இந்தக் கணக்கில் முன்னுக்கு வரலாம். இதற்கு உள்ளரங்கம் வேண்டாம், பளபளப்பான ஜேர்சி வேண்டாம். வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளையின் கையில் கொப்பியும் பேனையும் கொடுத்தால் போதும்.

இன்னொருவர் கெல்வின் சம்ப்சன். ஹியூஸ்டன் பல்கலைக்கழகம் 1982, 83, 84 என்று மூன்று வருடம் தொடர்ந்து தேசிய அரையிறுதிக்குப் போன அணி. அதன் பின் தேசியச் சுற்றுப்போட்டியில் ஒரு வெற்றிக்கு 2018 வரை ஏங்கியது. சம்ப்சன் அங்கே வந்தது 2014 இல். அதற்கு முன்னரே ஒக்லஹோமாவை 2002 இல் தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோனவர். ஹியூஸ்டனில் முதல் வருடம் 13 வெற்றி, 19 தோல்வி. நிர்வாகம் கலைக்கவில்லை, பொறுத்தது. 2021 இல் தேசிய அரையிறுதி. 2025 இல் இறுதிப்போட்டி, புளோரிடாவிடம் 65-63, இரண்டே புள்ளியில் கைநழுவியது. அவருடைய பயிற்சியில் வளையத்தின் மேல் ஒரு மூடியைப் போட்டுவிடுவார்கள். யார் எறிந்தாலும் பந்து உள்ளே போகாது, திரும்பி வரும். அந்தத் திரும்பி வருகிற பந்துக்கு முட்டி மோத வேண்டும். ரீபவுண்ட் என்பது உயரத்தால் மட்டும் வருவதில்லை, பந்து எங்கே விழும் என்று முந்தி ஓடுகிற பழக்கத்தால் வருவது என்று அந்த அணியைப் பார்த்தால் விளங்கும்.

இவர்கள் இருவரிலும் கறை இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். பிட்டினோ லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக் கொடுத்த 2013 பட்டத்தை விதிமீறலுக்காக 2018 இல் பறித்தார்கள். சம்ப்சன் வீரர்களைச் சேர்க்கும்போது விதியை மீறித் தொலைபேசி எடுத்ததற்காக 2008 இல் ஐந்து வருடத் தண்டனை வாங்கினார். ஆகவே கோச் எடுக்கும்போது வெற்றிப் பட்டியலை மட்டும் பார்த்தால் காணாது. முன்னர் வேலை செய்த பாடசாலைக்குப் போய் அதிபரிடமும் பெற்றோரிடமும் விசாரியுங்கள். பிள்ளைகளிடம் எப்படிக் கதைப்பார், கை நீட்டுவாரா, பெண்பிள்ளைகளின் அணியோடு எப்படி நடந்துகொண்டார் என்று கேளுங்கள். எங்கள் பிள்ளைகளை ஒப்படைக்கிற விஷயம் இது.

இனி வன்னிக்கு வருவோம். 2009 க்குப் பிறகு இங்கே பாடசாலைகளில் கட்டடம் எழும்பியது, பெயர்ப்பலகை எழும்பியது. பழைய மாணவர்கள் பந்து அனுப்பினீர்கள், ஜேர்சி அனுப்பினீர்கள், அதற்கெல்லாம் நன்றி. ஆனால் அணி ஏன் நிலைக்கவில்லை? எனக்குத் தெரிந்த காரணம் ஆள் மாறுவதுதான். வெளி மாவட்டத்தில் இருந்து ஒரு நல்ல விளையாட்டு ஆசிரியர் கஷ்டப் பிரதேசச் சேவைக்கு வருவார். திங்கள் விடிய பஸ் ஏறி வந்து வெள்ளி பின்னேரம் திரும்புவார். பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பழகி, பாஸ் பழகி, வலய மட்டத்தில் வென்று மாகாணத்துக்குப் போக ஆயத்தமாகும்போது அவருக்கு இடமாற்றம் வந்துவிடும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நான் படித்த காலத்தில் எங்கள் அணிக்கும் இதுதான் நடந்தது. சேர் போன பிறகு பந்துகள் அலுமாரிக்குள் போய்விட்டன. அணியில் இருந்த பெடியன்கள் கிரிக்கெட்டுக்கும் கரப்பந்துக்கும் பிரிந்து போனார்கள். எங்களைவிடத் திறமையான பிள்ளைகள் துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் புதுக்குடியிருப்பிலும் இப்போதும் இருக்கிறார்கள், எனக்கு அது தெரியும். தெரிந்தபடியால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு கோபமும் இவ்வளவு ஆசையும் வருகிறது.

அதனால் பழைய மாணவர் சங்கங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை காசு சேர்க்கும்போது அலங்கார வளைவு கட்ட வேண்டாம், ஒரு கோச்சுக்குச் சம்பளம் கட்டுங்கள். சென் ஜோன்ஸிலும் பழைய மாணவர் காசுதான் பெரிய துணையாக நின்றது. குடிபானத் தொழிலில் உழைத்த மைக் ரெபோலி அங்கே படித்தவர், அணிக்கு அள்ளிக் கொடுத்தார். எங்களுக்கு அந்த அளவுக்குத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ, கடைசியில் கிடந்த ஒரு பாடசாலை அணியை மேலே கொண்டுவந்த ஒருவரைத் தேடுங்கள். வரும்போதே நன்றாக இருந்த அணியைப் பொறுப்பெடுத்துக் கோப்பை தூக்கியவர் வேறு, அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எங்களுக்குத் தேவை முதலாமவர். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருந்தால் இன்னும் நல்லது, இடமாற்றப் பயம் இல்லை. அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிடமும் அனுமதி எடுங்கள். தங்க ஒரு அறை, பெற்றோல் செலவு, மாதச் சம்பளம் என்று எழுத்தில் கொடுங்கள்.

குறைந்தது மூன்று பருவம் வையுங்கள். முதல் வருடம் தோற்றால் வட்ஸ்அப் குழுவில் சண்டை பிடிக்காதீர்கள். பிட்டினோவுக்கே கென்டக்கியில் முதல் வருடம் பாதிக்குப் பாதிதான். யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஜோன் வூடன் 1948 இல் வேலைக்குச் சேர்ந்தார், முதல் தேசியப் பட்டம் 1964 இல்தான் வந்தது. அதையும் சேர்த்து 1975 க்குள் பத்துப் பட்டம். அப்படிப்பட்ட மனிதர், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வீரர்களுக்குக் காலுறையைச் சுருக்கம் இல்லாமல் போடுவது எப்படி என்று காட்டிக்கொடுத்துத்தான் பயிற்சியைத் தொடங்குவாராம். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட்டம் போகும். எங்கள் சீமெந்துத் தளத்தில் மத்தியான வெயிலுக்குப் பிறகு ஓடிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும்.

இன்னொன்று. வருகிற கோச்சோடு எங்கள் ஊர் ஆள் ஒருவரைத் துணைக் கோச்சாக நிற்க விடுங்கள். பெண்பிள்ளைகள் அணி என்றால் கட்டாயம் ஒரு பெண், வலைப்பந்து விளையாடிய பழைய மாணவி யாராவது இருப்பார். வளையத்தின் உயரம் இரண்டு விளையாட்டுக்கும் ஒன்றுதான், 3.05 மீற்றர். பாஸும் காலடியும் அவருக்கு ஏற்கெனவே கைவந்தவை. மூன்று வருடம் முடிந்து கோச் போனாலும் அவர் சொல்லிக்கொடுத்தது இங்கேயே நிற்கும். டொனவன் கோச்சான மாதிரி எங்கள் ஊரிலும் ஒருத்தி வரட்டுமே.

அடுத்த காணொளியில் அந்த மூடி போட்ட வளையப் பயிற்சியை இதே தளத்தில் செய்து காட்டுகிறேன். பெரிய பிளாஸ்டிக் பேசின் ஒன்றைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினால் சரிவரும் என்று நினைக்கிறேன். தங்கள் பாடசாலையில் பிள்ளைகளோடு செய்து பார்க்க விரும்புகிற ஆசிரியர்கள் இருந்தால் எனக்கு அறிவியுங்கள், பரந்தனோ மாங்குளமோ முல்லைத்தீவோ, எங்கே என்றாலும் கமராவையும் பந்தையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். நன்றி உறவுகளே.