அழுகிற பிள்ளையின் நம்பிக்கை

நேயர்களுக்கு வணக்கம். 'ஒரு குழந்தையைப் போல இறைவனை நம்புங்கள்' என்று யாராவது சொன்னால், இவர் கடைசியாக ஒரு குழந்தையோடு முழுப் பகலைக் கழித்தது எப்போது என்று கேட்கத் தோன்றும். அவர் மனத்தில் இருப்பது தூங்குகிற குழந்தை. விழித்திருக்கிற குழந்தை அடம்பிடிக்கும், கொடுத்த வாக்கைப் பத்து முறை உறுதிசெய்துகொள்ளும், நகம் வெட்டப் போனால் விரல்களை மடக்கிக்கொண்டு கூச்சல் போடும். இரண்டு சிறு பிள்ளைகளின் தகப்பனாகிய நான் நம்பிக்கையைப் பற்றிக் கற்றதெல்லாம் இந்தக் கூச்சலிலிருந்துதான்.

பகலெல்லாம் உறவினரிடம் சமர்த்தாக இருந்த பிள்ளை, தாயின் முகத்தைக் கண்டதும் ஓவென்று அழத் தொடங்கும். 'இவ்வளவு நேரம் நன்றாகத்தானே இருந்தான்!' என்று பார்த்துக்கொண்டவர்கள் சங்கடப்படுவார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. அழுகையை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேரி ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதையொட்டிய குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு புகழ்பெற்றது. பழக்கமில்லாத அறை, சில பொம்மைகள். தாய் சில நிமிடங்கள் வெளியே போய்விட்டுத் திரும்பி வருவார். பிரியும்போது குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, தாய் திரும்பியதும் என்ன செய்தது என்பதைத்தான் ஐன்ஸ்வர்த் முக்கியமாகக் கவனித்தார். பாதுகாப்பை உணர்ந்த குழந்தைகளில் பல அழுதன; அழுதாலும் தாயிடமே ஓடி, ஆறுதல் அடைந்து, மீண்டும் விளையாடப் போய்விட்டன. வேறு சில குழந்தைகள் அழவில்லை. தாய் திரும்பி வந்தபோதும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால், இவைதான் பக்குவமான பிள்ளைகள் என்று தோன்றும். ஆனால் பின்னர் வந்த ஆய்வுகளில் இதயத் துடிப்பை அளந்தபோது, இந்த 'அமைதியான' குழந்தைகளும் உள்ளுக்குள் பதறிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அழுதால் யாரும் தூக்குவதில்லை என்று பழகிப்போன பிள்ளை, அழுகையை அடக்கிக்கொள்ளக் கற்றுவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இதைப் படித்த பிறகு, துன்பத்தில் ஒரு சொல்லும் பேசாமல் 'எல்லாம் அவர் சித்தம்' என்று மட்டும் சொல்லும் பக்தியை என்னால் முன்போல் மெச்ச முடியவில்லை. சிலருக்கு அது உண்மையான சமாதானமாக இருக்கலாம். சிலர், கேட்டால் பதில் வராது என்று முடிவு செய்துவிட்டவர்களாகவும் இருக்கலாம். வேதாகமத்தில் சங்கீதங்கள் என்ற ஜெபப் பாடல்களைப் பாடிய சங்கீதக்காரர் அந்த வகை அல்ல. 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று 13ஆம் சங்கீதத்தில் நேராகவே கேட்கிறார். மறந்துவிட்டார் என்று குற்றம் சாட்டுவதும் அவரிடமே! நான் கிறிஸ்தவன்; ஆனாலும் இந்த இடத்தில் குலசேகர ஆழ்வாரை நினைக்காமல் இருக்க முடியாது. பெற்றவள் கடும் சினத்தால் தள்ளிவிட்டாலும் அவளுடைய அருளையே நினைத்து அழும் குழந்தையைப் போல் இருந்தேன் என்று அவர் இறைவனிடம் பாடுகிறார். தள்ளியவளும் அவள்தான், போக்கிடமும் அவள்தான்.

பால்குடி மறக்கச் செய்த வீடுகளுக்கு அந்த இரவுகள் தெரியும். நேற்றுவரை கிடைத்தது இன்று ஏன் இல்லை என்று பிள்ளைக்கு விளக்க முடியாது. அது அழும், அடிக்கும், முதுகைக் காட்டிப் படுக்கும். பிறகு ஒரு நாள், பாலைத் தேடாமல் சும்மா மடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 131ஆம் சங்கீதம் தன் ஆத்துமாவைப் பால் மறந்த குழந்தைக்கு ஒப்பிடுகிறது. பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையைச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். மறுக்கப்பட்டு, அழுது தீர்த்து, அதன் பிறகும் அதே மடிக்கு வந்த குழந்தையை அந்தப் பாடல் தேர்ந்தெடுத்தது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் மூன்று வயதுவரைகூடத் தாய்ப்பால் குடித்தார்கள் என்பதால், அதற்கு அழுதது நினைவிலும் இருந்திருக்கும்.

இந்த ஒப்புமையை எல்லை தாண்டி இழுக்கக் கூடாது. தடுப்பூசி போடப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் தகப்பனைப் போலக் கடவுளும் நம் நன்மைக்காகவே வலியை அனுமதிக்கிறார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். சிறு ஏமாற்றங்களுக்கு அது பொருந்தும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரிடம் போய் அந்த ஊசிக் கதையைச் சொல்வது கொடுமை. பெற்றோராலேயே காயப்பட்டு வளர்ந்தவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 'தகப்பன்' என்ற சொல்லே உங்களுக்குக் கசக்கலாம். தாய் தன் பாலகனை மறப்பாளோ என்று கேட்கும் வேதாகமத் தீர்க்கதரிசி ஏசாயா, மறக்கவே மாட்டாள் என்று சாதிப்பதில்லை. 'அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை' என்கிறது அந்த வசனம். பெற்றோர் தவறக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டுதான் அது பேசுகிறது.

இன்றிரவு ஜெபிக்க உட்காரும்போது நல்ல சொற்கள் வராமல் கோபம் மட்டும் வந்தால், 13ஆம் சங்கீதத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆறே வசனங்கள். ஐந்தாவதில் குரல் மாறி நம்பிக்கைக்கு வருகிறது. அதுவரை போக முடியாதவர்களுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது. வணக்கம்.